சரி என்றால் தப்பு

மார்ச் 3, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. கல்லூரி நுழைவுத் தேர்வில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரலாம். கணினித் திரையில் இருப்பதை அவர் வாசிப்பார். நான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விடை எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். அவர் அதைச் சொடுக்குவார். மணிக்கு இருபது நிமிடம் கூடுதல். ஆளைத் தேர்வு மையமே தரும். சொந்தக்காரர்கள் கூடாது.

அப்பா வாசித்துக் காட்டினார். பிறகு அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இருவர் வாசித்ததும் ஒத்துப்போனது.

"ஒரு தரம் சொன்னா நம்பமாட்டியா நீ?" என்றார் அப்பா.

நம்பியிருக்கிறேன். ஆறாம் வகுப்புக் குழுப் படம் வந்தபோது "ரொம்ப நல்லா விழுந்திருக்க" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். நாற்பது பேரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் நல்லதுக்குச் சொன்னார்களாம். அன்றிலிருந்து எதையும் இரண்டு பேரிடம் கேட்கிறேன். அதற்காக அக்கா எனக்கு வைத்த பெயர் போலீஸ்.

மார்ச் 5, வியாழன்

அப்பா இரவல் வாங்கி வந்த லேப்டாப்பில் தனியாக ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். நான் எதை நேராகப் பார்க்கிறேனோ அதுதான் எனக்குத் தெரியாது. நடுவில் யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்ட மாதிரி. ஓரமெல்லாம் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் கேள்வி திரைக்கு வெளியே ஓடுகிறது. கேள்வியை இழுத்துப் பிடித்தால் விடைகள் கீழே விழுகின்றன. மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. நூறு கேள்வியில் ஐம்பத்திரண்டுக்கு மேல் போகவே முடியவில்லை. மதிப்பெண் 38.

போன வருடம் சட்டம் படிக்க 56 வேண்டியிருந்தது. நல்ல கல்லூரி என்றால் 65.

சாயங்காலம் அக்கா வந்து சொன்னாள். "மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் கிளினிக் மூடித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் சும்மாதான் கெடக்கு. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். வா, நான் வாசிக்கிறேன். நீ சொல்லு, நான் போடறேன்."

யாரும் அவளைக் கேட்கவில்லை. இரண்டு வருடம் முன்பு இதே தேர்வை அவளும் எழுதினாள். கிடைக்கவில்லை. அடுத்த மாதமே பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு இந்த வீட்டில் அந்தத் தேர்வின் பேரையே அவள் எடுத்ததில்லை. நான் விண்ணப்பம் போட்ட அன்றுகூட ஒன்றும் சொல்லவில்லை. இப்போது என்ன திடீர்ப் பாசம்? எலி அம்மணமாக ஓடுகிறதென்றால் சும்மா ஓடாது.

போகத்தான் போகிறேன். வேறு வழி?

மார்ச் 9, திங்கள்

கிளினிக்கில் முதல் நாள். கிராம்புத் தைலமும் ரப்பர் கையுறையும் கலந்த வாசனை. சுவரில் ஆளுயரத்துக்கு, கண்ணும் வாயும் வைத்த ஒரு கடைவாய்ப்பல் படம். இந்த ஊரில் நான் தூரத்திலிருந்தே அடையாளம் காணக்கூடிய ஒரே முகம்.

அக்கா நன்றாக வாசிக்கிறாள். அவசரமில்லை, இழுவையுமில்லை. நோயாளிகளுக்கு நேரம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். கேள்வி, நான்கு விடை, நான் எண் சொல்கிறேன், சொடுக்குச் சத்தம், அடுத்தது.

61.

மார்ச் 16, திங்கள்

66.

மார்ச் 20, வெள்ளி

72. அக்கா சொன்னாள். நம்பாமல் திரையைப் போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, ஓரக்கண்ணால் பார்த்தேன். 72தான்.

அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். இன்று எந்தெந்தக் கட்டடத்துக்கு எண்ணெய் போடப் போனாரோ அத்தனை கட்டடத்துக்கும் என் மதிப்பெண் தெரிந்துவிட்டது.

எனக்குத்தான் தூக்கிவாரிப் போடுகிறது. நான் இவ்வளவு கெட்டிக்காரியா? சந்தேகத்தோடு சொன்ன விடையெல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. வட்டத்துக்குள் முக்கோணம் கேள்விக்கு எனக்குச் சூத்திரமே ஞாபகமில்லை. அதுவும் சரி. கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல்லுக்கெல்லாம் மாங்காய் விழுமா?

சொடுக்குவது அவள் விரல். திரை எனக்குத் தெரியாது. நான் 'இரண்டு' என்று சொன்னால் அவள் இரண்டில்தான் சொடுக்குகிறாள் என்று எப்படித் தெரியும்?

மார்ச் 22, ஞாயிறு

பெரியப்பா வந்திருந்தார். எந்த ஆபீஸிலும் அவருக்கு ஓர் ஆள் உண்டு. ஆள் இல்லாத ஆபீஸை அவர் ஆபீஸ் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அந்த மையத்துல நமக்குத் தெரிஞ்சவன் இருக்கான். பாப்பா பக்கத்துல யாரு உக்காரப் போறான்னு தெரிஞ்சுக்கிட்டு முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வச்சுடலாம்" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம்ணே" என்றார் அப்பா.

ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். எவ்வளவு? டம்ளரைக் கீழே வைக்கிற நேரம். அந்த நேரத்தில் என்ன யோசித்தார்?

மார்ச் 24, செவ்வாய்

பொறி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பத்துக் கேள்விக்கு வேண்டுமென்றே தப்பான எண்ணைச் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் "சரி... சரி" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் மாற்றிப் போடுகிறவளாக இருந்தால் அந்தப் பத்தும் சரியாக வர வேண்டும்.

பத்தும் தப்பு. நான் சொன்னதைத்தான் போட்டிருக்கிறாள். மொத்தம் 59.

"என்னடி ஆச்சு இன்னிக்கு? பகா எண் கூடவா தெரியல?" என்று கேட்டாள். குரலில் கவலை. வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் இரவல் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி ஏதோ ஒன்று இடிக்கிறது. அவள் மாற்றவில்லை என்றால் அந்த 72 எங்கிருந்து வந்தது?

மார்ச் 28, சனி

அக்காவுக்கு டாக்டரோடு வேறு ஊரில் முகாம். அவளுக்குப் பதில் வீட்டில், இரவல் லேப்டாப்பில், அம்மா வாசித்தாள். அம்மா எட்டாவது வரை படித்தவள். x என்று இருந்ததையெல்லாம் பெருக்கல் என்று வாசித்தாள். "ரெண்டு பெருக்கல், கூட்டல் மூணு, சமம் பதினொண்ணு. என்னடி இது, பெருக்கிட்டு உடனே ஏன் கூட்டறாங்க?" இருவரும் சிரித்து ஐந்து நிமிடம் போயிற்று. அப்புறம் பழகிக்கொண்டாள். நிறுத்தி நிதானமாகவே வாசித்தாள்.

47.

அம்மா வாசித்த லட்சணம் என்று அப்பாவிடம் சொன்னேன். அது உண்மையில்லை என்று எழுதும்போதே தெரிகிறது. கேள்வி எல்லாமே எனக்குப் புரிந்தது.

ஏப்ரல் 1, புதன்

பைக்குள் போனை ஒளித்து வைத்துத் தேர்வு முழுவதையும் பதிவு செய்தேன். மதிப்பெண் 70. அக்காவுக்குத் தெரியாது. இன்று முட்டாள்கள் தினம் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. முட்டாள் யார் என்று நாளைக்குத் தெரியும்.

ஏப்ரல் 2, வியாழன்

மாடிப்படியில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டு மணி நாற்பது நிமிடம். ஒரு தரம் அல்ல, சில இடங்களை ஐந்தாறு தரம்.

எட்டாவது கேள்வி. நான்: "ரெண்டு." அக்கா: "ம்." சொடுக்கு.

ஒன்பதாவது கேள்வி. நான்: "ஒண்ணு." அக்கா: "சரி." சொடுக்கு இல்லை. ஒரு மூச்சு நேரம். நான்: "இரு, இரு... நாலு." அக்கா: "ம்." சொடுக்கு.

முதலில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். பதினான்காவது கேள்வியில் அதே மாதிரி. பத்தொன்பதில் அதே மாதிரி. திரும்ப முதலிலிருந்து ஓட்டி, விடைக்குறிப்பைப் போனில் பெரிதாக்கி ஒத்துப் பார்த்து, தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் சொல்லும் விடை சரியென்றால் அக்கா "ம்" என்கிறாள். தப்பென்றால் "சரி" என்கிறாள். கொஞ்சம் இழுத்து. ஒரு தரம்கூட இது மாறவில்லை.

"சரி" கேட்டதும் நான் விடையை மாற்றுகிறேன். இருபத்தொரு தரம் மாற்றியிருக்கிறேன். அதில் பதினெட்டு போய்ச் சரியான விடையில் விழுந்திருக்கிறது. எழுபதில் பதினெட்டு போனால் ஐம்பத்திரண்டு.

அவள் எதையும் மாற்றவில்லை. மாற்றியது நான். என் வாயால், என் குரலில். யோசித்து மாற்றுகிறேன் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்தேன். யோசிக்கவே இல்லை. அவள் மூச்சைக் கேட்டிருக்கிறேன். கண் போனால் காது கூர்மை என்று எல்லோரும் என்னைப் புகழ்வார்களே, அந்தக் காது.

திருடனைப் பிடிக்க வைத்த போனில் கேட்கிறது என் குரல். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. கத்தவும் முடியாது.

அவளுக்கு இது தெரியுமா? தெரிந்தே செய்கிறாளா?

ஏப்ரல் 3, வெள்ளி

சண்டை. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

காலையில் அக்கா தன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போனை அவள் பக்கத்தில் வைத்து ஒன்பதாவது கேள்வியை ஓடவிட்டேன். பதினான்கையும் ஓடவிட்டேன்.

"இது நானா?" என்றாள்.

"நடிக்காத."

"சத்தியமா தெரியலடி. நான் பேசினதே எனக்கு ஞாபகமில்ல."

"இருபத்தோரு தரம் தெரியாம வருமா? பரீட்சையன்னிக்கு நீ பக்கத்துல இருக்கமாட்டே. வேற யாரோ இருப்பாங்க. நான் அங்க உக்காந்து பேய் மாதிரி முழிக்கணும். அதத்தானே நீ பாக்கணும்? உனக்குக் கெடைக்கல, அதனால எனக்கும் கெடைக்கக் கூடாது."

சொல்லியே விட்டேன். துணி கருகுகிற வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டி கோட்டின் கையிலேயே நின்றிருந்தது.

"நான் மூச்சுக்கூட விடக்கூடாதா இந்த வீட்ல?" என்று கேட்டாள். கத்தவில்லை. கருகின கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா பேசவில்லை. நானும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அப்பாவிடம் 72 பொய் என்று சொல்லலாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். சொல்லவில்லை. கோழை.

மாலை அக்காவே வந்தாள். துவைத்த துணிகளை என் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்த்துப் பேசாமலிருக்க அவளுக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது போல.

"அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம்தான் என் பரீட்சை. ஞாபகம் இருக்கா? ராத்திரி பூரா ஆஸ்பத்திரி பெஞ்சுல. காலைல அங்கேர்ந்தே நேரா போய் எழுதினேன். ஐம்பதுகூட வரல. அதுக்கப்புறம் மறுபடி எழுதறியான்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல."

நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

"கிளினிக்ல ஆள் இல்லாத நேரத்துல ரெண்டு வருஷமா அந்தக் கேள்வியெல்லாம் போட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சும்மாதான். விட முடியல. நீ தப்பாச் சொன்னா என் கை போகமாட்டேங்குது போல. அது வாயில வேற மாதிரி வருதுன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப எனக்கு எதுக்கு வாசிக்க வந்த?"

"வாசிக்கறப்போ நானும் எழுதற மாதிரி இருந்துச்சு."

இது உண்மையா? வழக்கம்போல இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள முடியாது. இது வேறு யாருக்கும் தெரியாது. அவள் சொல்லைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

யாரும் கேக்கல என்றாளே, அந்த யாரும்-இல் நானும் உண்டு. ஊரில் உள்ள அத்தனையையும் துருவித் துருவிக் கேட்கிற போலீஸ் கேட்காத ஒரே கேள்வி.

"மன்னிச்சுக்கோ" என்றேன். "கோட்டு புதுசு வாங்கணும், அதுக்கு மன்னிக்க முடியாது" என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

புது ஏற்பாடு. கேள்வியையும் நான்கு விடைகளையும் வாசித்து முடித்ததும் அக்கா ஒரு பஞ்சுருளையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொள்ள வேண்டும். பல் பிடுங்கினால் வைக்கிற பஞ்சு, கிளினிக்கில் டப்பா டப்பாவாக இருக்கிறது. நான் விடை எண்ணை முதலில் தடிப் பேனாவால் தாளில் எழுதிவிட்டு, பிறகு சொல்ல வேண்டும். எழுதின பிறகு மாற்றக் கூடாது.

பஞ்சைக் கடித்தபடி மூக்கால் பெருமூச்சு விட்டாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தோம்.

49.

அப்பாவிடம் நானே சொன்னேன், 72 என்னுடையது இல்லை என்று, எப்படி வந்ததென்றும். முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. "ஏறினது இறங்கும், இறங்கினது ஏறும். நடுவுல நின்னாத்தான் ஆபத்து" என்றார். லிஃப்ட்டைப் பற்றியா, என்னைப் பற்றியா?

ஏப்ரல் 17, வெள்ளி

52. விகிதமும் சதவீதமும் என் எமன். அக்கா தேர்வு முடிந்ததும் பஞ்சைத் துப்பிவிட்டு ஒவ்வொரு தப்பையும் உட்கார்ந்து சொல்லித் தருகிறாள். தேர்வு நடக்கும்போது ஊமை, முடிந்ததும் அருவி.

ஏப்ரல் 28, செவ்வாய்

55. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

மே 2, சனி

நாளைக்குத் தேர்வு. மதியம் பெரியப்பா போன் செய்தார். "பேசிட்டேன் பாப்பா. நம்ம ஆளு பாத்துக்குவான். நீ கவலைப்படாம போ."

அப்பாவிடம் கேட்டேன். "நான் எதுவும் சொல்லலம்மா, அவரா பேசறாரு" என்றார். அம்மாவைத் தனியாகக் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள்.

நம்ம ஆளு. யார் அது? நாளைக்கு என் பக்கத்தில் உட்காரப் போவது அவனா? எப்படிப் பார்த்துக்கொள்வான்? வேண்டாம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மே 3, ஞாயிறு

எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

வாசலில் சோதனை, கைரேகை, பையை ஒப்படைக்க ஒரு வரிசை. பெரிய கூடத்தில் மற்றவர்கள். என்னை வேறு ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்கள். தடுப்புப் பலகை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி. கண்காணிப்பாளர் கதவருகில். எனக்கு வாசிக்க வந்தவர் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். இருமல் மிட்டாய் வாசனை. வாயில் அதை உருட்டிக்கொண்டே இருந்தார், பல்லில் கடகடவென்று.

முதல் கேள்வி எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. "ரெண்டு" என்றேன்.

"சரி" என்றார்.

தப்பா? "இருங்க" என்று சொல்லிவிட்டேன். மனதுக்குள் மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டுதான். "ரெண்டே போடுங்க."

"சரி."

இரண்டாம் கேள்விக்கும் "சரி". மூன்றாவதுக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஒரு இழு இழுத்தது. ஏழாம் கேள்வியின்போது கண்காணிப்பாளர் "ஃபேன் போதுமா?" என்று கேட்டார். அதற்கும் இந்த அம்மா "சரி" என்றார். அப்போதுதான் புரிந்தது, அவருக்கு எல்லாமே சரிதான். அதற்குப் பிறகு அந்த வார்த்தை கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

நன்றாகத்தான் போயிற்று, அறுபத்தொன்று வரை.

அறுபத்தொன்று ஒரு தர்க்கக் கேள்வி. மூன்றா நான்கா என்று எனக்குள் இழுபறி. கடைசியில் "மூணு" என்றேன்.

"சரி" வரவில்லை. சொடுக்குச் சத்தமும் வரவில்லை. வாயில் மிட்டாய் உருளுவதும் நின்றுவிட்டது.

நம்ம ஆளு பாத்துக்குவான்.

இதுதானா அது? இவர்தானா? மூன்று தப்பு, மாற்று என்கிறாரா? நான்கு என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். யாருக்கும் தெரியாது, கதவருகில் இருக்கிறவருக்குக்கூட. நாக்கு நுனி வரைக்கும் நான்கு வந்துவிட்டது. என் காது என்னை எங்கே கூட்டிப்போகும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு தரம் கூட்டிப்போயிருக்கிறது.

"மூணுதான். மூணு போடுங்க" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"போட்டேன் மா, போகமாட்டேங்குது. மவுஸ் நகரவே இல்ல" என்றார்.

கணினி உறைந்துவிட்டதாம். அதற்கு ஒரு ஆள் வந்தார், கம்பிகளைப் பிடுங்கி மாட்டினார், கடைசியில் வேறு கணினிக்கு மாற்றினார்கள். பதினோரு நிமிடம். கடிகாரம் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது என்று அந்த அம்மா சொன்னார். கண்காணிப்பாளரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் முறைத்திருப்பார். எனக்கு என்ன, தெரியவா போகிறது.

மே 4, திங்கள்

தூக்கமே இல்லை. அந்த அம்மா நான் சொன்னதைத்தான் போட்டாரா? மாற்றிய கணினியில் பழைய அறுபது விடையும் இருந்ததா? பெரியப்பாவின் ஆள் அவரா, கணினி சரிசெய்ய வந்தவரா, கண்காணிப்பாளரா? மூன்று பேரையும் மாற்றி மாற்றிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

மே 14, வியாழன்

விடைக்குறிப்பும், அவரவர் சொடுக்கிய விடைகளும் வெளியாகிவிட்டன. கிளினிக்கில் அக்கா வாசித்தாள்.

"முதல்ல அறுபத்தொண்ணு பாரு" என்றேன்.

"உன்னோடது மூணு. சரியான விடை நாலு."

தப்பு. ஆனால் மூன்று. நான் சொன்ன மூன்று, மாறாமல், அப்படியே அங்கே இருக்கிறது. அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். பத்து நாளாகக் கூண்டில் நிறுத்தியிருந்தேன் அவரை.

அக்கா இரண்டு தரம் கூட்டினாள், நான் கேட்காமலே. 58.

பிறகு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்து, நாளைக்குப் பத்தரைக்கு வரச் சொன்னாள். குரல் கரகரத்தது. பல் பிடுங்க வருகிறவர் பயந்திருப்பார்.

ஜூன் 5, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது. நல்ல கல்லூரி இல்லை, அதற்கடுத்தது. சட்டம். இரண்டு பேருந்து மாற வேண்டும். மாறுகிறேன்.

ஜூன் 7, ஞாயிறு

வீட்டில் சொந்தக்காரர்கள். பெரியப்பா நடுக்கூடத்தில் உட்கார்ந்து எல்லோரும் கேட்கச் சொன்னார். "நான் மட்டும் அன்னிக்குச் சொல்லி வைக்கலேன்னா இந்த இடம் வந்திருக்குமா? பக்கத்துல உக்காந்தவன் நம்ம ஆளு. பாத்துப் பாத்துப் போட்டான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. அப்பாவின் டம்ளர் கீழே வைக்கப்படவில்லை.

அறுபத்தொன்று நான் சொன்னபடி இருந்தது. மற்ற தொண்ணூற்றொன்பதும்? அவற்றில் நான்கைந்தை யாராவது எனக்குத் தெரியாமல் திருத்தியிருந்தால் இந்த 58 மறுபடி இரவல் செருப்பு. கேட்காமல் விட்டால் ஆயுசுக்கும் அரிக்கும். கேட்டால் எல்லார் முன்னாலும் உடையும். கேட்டேன்.

"அவருக்கு நான் நன்றி சொல்லணும் பெரியப்பா. கண்ணாடி போட்டிருந்தாரே, ஒல்லியா, இருமிக்கிட்டே. அவர்தானே?"

"அவனேதான். நல்ல பையன்."

"என் பக்கத்துல உக்காந்தது ஒரு அம்மா, பெரியப்பா."

முதலில் அக்காதான் சிரித்தாள், மூக்கால். பிறகு அம்மா. பெரியப்பா, "அப்ப அவன் ஆள மாத்திட்டான் போல" என்று சொல்லிப் பார்த்தார். அதற்குள் அப்பாவும் சிரித்துவிட்டார். அவர் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

ஐம்பத்தெட்டு. எழுபத்திரண்டு வந்தபோது இவ்வளவு சந்தோஷமாக இல்லை. இதில் யார் மூச்சும் இல்லை.

ஜூலை 6, திங்கள்

முதல் வகுப்பு. வாத்தியார் பலகையில் எழுதுவதையெல்லாம் வாயாலும் சொல்கிறார். தப்பித்தேன்.

ஜூலை 26, ஞாயிறு

அக்கா குளியலறைக்குள் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. குழாய் திறந்தே இருக்கிறது, வாளி நிரம்பி வழிகிற சத்தம். பாத்திரம் கழுவப் போனபோது அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது. கூட்டு வட்டிச் சூத்திரம். அது முடிந்து வட்டப் பகுதியின் பரப்பு. ஒரு இடத்தில் தடுக்கி, முதலிலிருந்து மறுபடி.

அடுத்த சுற்றுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க இந்த மாதம்தான் கடைசி. போட்டிருக்கிறாளா, போடப் போகிறாளா? டாக்டரிடம் சொல்லிவிட்டாளா? என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை? நான்கு கேள்வி வரிசையாக வந்து நின்றது. கதவில் காதை வைத்தால் மூன்றுக்காவது பதில் கிடைக்கும்.

பாத்திரத்தைக் கழுவினேன். கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

"என்னடி பண்றா உள்ள, இவ்வளவு நேரமா?" என்று அம்மா அறையிலிருந்து கேட்டாள்.

"தலைக்கு ஊத்துறாம்மா" என்றேன்.